பத்து மீன் பரீட்சை

ஒரு செதில் பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டபோது, நான் இரண்டாவது தடவையாக "முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணில் செதிலோடு நிற்கிற ஆள் எவ்வளவு கண்டிப்பாகப் பேச முடியுமோ அவ்வளவு கண்டிப்பாகத்தான் சொன்னேன்.

என் மனைவி ருக்சானா நிமிரவில்லை. கொடுவா மீனின் முதுகைக் கத்தியால் வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டிக்கொண்டே, திட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். புதுப்பட்டினத்தை ஒட்டிய டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருபத்திரண்டு வீடுகள். அங்கே புருஷனும் வேலைக்குப் போகிறான், பெண்டாட்டியும் போகிறாள். மீன் சாப்பிட ஆசை இருக்கிறது, கழுவ நேரம் இல்லை. இவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மீனைக் கழுவி, துண்டு போட்டு, பத்து மணிக்குள் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். கத்தி இருக்கிறது. ஐஸ் பெட்டி இருக்கிறது. இருபத்திரண்டு வீட்டாரும் சரி என்று சொல்லியாயிற்று.

"எல்லாம் கீது," என்றாள். "அஞ்சரைக்குக் கரைக்குப் போயி நல்ல மீனா பாத்து எடுத்துனு வர ஆளுதான் இல்ல. நான் கரையில நின்னா இங்க வெட்டறது யாரு?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. செல்போன் கவர், சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது. நௌஷாத் என்கிற நான் 'செல் கடை பாய்' என்று ஊரில் பேர் வாங்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. 'மீன்கார பாய்' ஆவதற்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தவிர, விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து படுத்தால் எட்டு மணி வரை என்னை யாரும் எழுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அடுப்பங்கரையில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட அந்த நேரத்தில் தணிந்துதான் கேட்கும். கரை, போட் என்று ஆரம்பித்தால் சட்டம் என்னாவது? ஆனால் இந்த இரண்டு காரணங்களையும் மனைவியிடம் சொல்ல முடியாது. அதனால் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னேன்.

"நீ ஏரிக்காரி. மதுராந்தகத்துல விராலும் கெளுத்தியும் பாத்து வளந்தவ. கடல் மீனப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"கத்துக்கறேன்."

"அது கத்துக்கற விஷயமில்ல. நான் இந்தக் கடல் காத்த குடிச்சு வளந்தவன்."

"காத்ததான குடிச்சீங்க," என்றாள்.

அப்போது மாடியில் குடியிருக்கும் ஞானதாஸ் உள்ளே வந்தார். டவுன்ஷிப் பம்ப் ஹவுஸில் வேலை. போன் கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும். கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் என் குரல் தானாக உயர்ந்தது. மீன் விற்பது விளையாட்டு இல்லை என்றேன். குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் படித்தவர்கள். இது கடலா, ஏரியா, முகத்துவாரமா, எங்கே பிடித்தது என்று கேட்பார்கள். பேரை மனப்பாடம் பண்ணிக்கொண்டால் போதாது. பேர்தான் வீடியோவிலேயே கிடக்கிறதே.

"ஒடம்பப் பாத்து, துடுப்பப் பாத்து, இது எங்க வாழ்ந்த மீனுன்னு சொல்லத் தெரியணும் ஞானதாஸு. அது தெரிஞ்சவங்கதான் கரைக்குப் போயி மீன் வாங்கணும். தெரியாதவங்க அந்தப் பக்கமே போகக் கூடாது."

ருக்சானா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஞானதாஸ் அண்ணா, இவரு சொன்னத கேட்டுக்கினீங்களா?"

"கேட்டுக்கினேன்மா."

"பரீட்ச வைங்க," என்றாள் என்னிடம். "ரெண்டு வாரம் டைம் குடுங்க. தெரிஞ்சா நான் போறேன். இதாவது நடக்கட்டும்."

டவுன்ஷிப்பில் வேலை கேட்டு அவள் மூன்று முறை மனுப் போட்டிருந்தாள். மூன்று முறையும் பதில் வரவில்லை. அதனால் அந்தக் கடைசி வார்த்தை என்னைக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தினாலும் ஆண்பிள்ளை பின்வாங்க முடியுமா? பத்து மீன், அதில் ஏழுக்குச் சரியான பதில், ஞானதாஸ் நடுவர் என்று அறிவித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் ஒரு சின்ன சங்கடம் புரிந்தது. பரீட்சை வைக்கிறவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த மீன்கள் இரண்டு: குழம்பு மீன், வறுத்த மீன். சின்ன வயதில் அம்மா வாங்கினாள், அதன்பிறகு ருக்சானா வாங்கினாள். மகள் ஷஃபானாவின் அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மீனுக்குப் படகு போன்ற உடல் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுநாள் பஜ்ர் முடிந்ததும் படுக்காமல் கரைக்குப் போனேன்.

கன்னியம்மா அங்கே ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறவள். என் வயதுதான் இருக்கும். என்னிடம் வாங்கிய சார்ஜர் ஒரு வாரத்தில் புகைந்துபோன கோபம் அவளுக்கு இன்னும் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். படகு போன்ற உடல் பற்றியும் சொன்னேன். அவள் கூடைக்குள் கையை விட்டு ஒரு திருக்கையை எடுத்து, துணி உதறுவதுபோல உதறிக் காட்டினாள்.

"இது எந்தப் படகு பாய்?"

நான் திருக்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"மேல கண்ணு, கீழ வாயி. சாப்பாட்டு மேலயே படுத்துகினு தெருவ வேடிக்க பாக்குற ஜென்மம். மணலுக்குள்ள தட்டையா கெடக்கணும்னா தட்டையாதான் இருக்கணும். அதுக்கு எதுக்கு படகு?"

அடுத்து நாக்கு மீன். அதுவும் தட்டைதான், ஆனால் வேறு விதமான தட்டை. திருக்கை குப்புறப் படுத்தது, இது ஒருக்களித்துப் படுத்தது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்குமாம். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மேல் பக்கத்துக்கு வந்துவிடுமாம்.

"ஒரே பக்கமா படுத்துகினே கெடந்தா அப்பிடித்தான்," என்றாள் கன்னியம்மா, என்னை மேலும் கீழும் பார்த்து.

நான் என் இரண்டு கண்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்த இடத்தில்தான் இருந்தன.

தினமும் போக ஆரம்பித்தேன். வஞ்சிரத்தின் வால் ஏன் பிறை மாதிரி இருக்கிறது, வால் காம்பு ஏன் விரல் கனம்தான் இருக்கிறது என்று கன்னியம்மா காட்டினாள். நடுக்கடலில் ஒளிய மரமா, பாறையா? ஓடித்தான் பிழைக்க வேண்டும், ஓடித்தான் பிடித்துத் தின்ன வேண்டும். சூரை அதைவிட மோசம். வேகம் எடுக்கும்போது முதுகுத் துடுப்பைக்கூட மடக்கி ஒரு பள்ளத்துக்குள் வைத்துக்கொள்கிறது. அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னாள். நான் ஒட்டுகிற எந்தக் கண்ணாடியும் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில்லை. வவ்வால் மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் தட்டு, நேருக்கு நேர் பார்த்தால் கோடு. நின்ற இடத்தில் சட்டென்று திரும்புவதற்கு அந்த உடம்பு. விலாங்குக்குத் துடுப்பு ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று கேட்டேன். பொந்துக்குள் நுழைகிறவன் குடை விரித்துக்கொண்டா நுழைவான் என்று கேட்டாள்.

கோலா மீன் சீசன் முடிகிற நேரம் அது. கடைசியாக வந்த கோலாவில் ஒன்றை எடுத்து அவள் பக்கத் துடுப்புகளை விரித்தபோது நான் உண்மையிலேயே வாயைப் பிளந்துவிட்டேன். தும்பியின் சிறகு மாதிரி இருந்தது. பெரிய மீன் துரத்தினால் தண்ணீரையே விட்டுவிட்டு மேலே வந்துவிடுமாம்.

"வால பாரு. கீழ் பாதி நீட்டா கீதா? ஒடம்பு மேல வந்த பொறவும் அந்தக் கீழ் வாலு மட்டும் தண்ணிய தட்டிக்கினே வரும். அப்புறந்தான் பறக்கும்."

ஒன்று சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு விஷயம் பிடித்துப்போய்விட்டது. கடைக்குத் திரும்பியதும் போன் கவர் அட்டைகளின் பின்பக்கத்தில் மீன் வரைந்தேன். கடைக்கு வருகிறவர்களைக்கூட அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே வந்து ஒரு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போகிறவன் வஞ்சிரம். ஒன்றும் வாங்காமல் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்க்கிற ஞானதாஸ் திருக்கை. இதையெல்லாம் நான் ருக்சானாவிடம் சொல்லவில்லை. வினாத்தாள் வெளியாகக் கூடாது.

அவள் படித்த மாதிரியே தெரியவில்லை. கரைப் பக்கம் வரவில்லை. காலையில் நான் திரும்பும்போது டீயைக் கையில் கொடுத்து, இன்றைக்கு எந்த போட்டில் என்ன வந்தது என்று மட்டும் கேட்பாள். நான் உஷாராகப் பாதிதான் சொல்வேன்.

எட்டாம் நாள் ஒரு விபத்து. எங்கள் கரை ஏலத்தில் யாரும் கத்துவதில்லை. ஏலம் சொல்கிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். வேண்டும் என்கிறவன் ஒரு விரலைத் தூக்கினால் போதும். நான் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினேன். இரண்டு கூடை அளவுக்கு ஒரு குவியல் காரப்பொடி மீன் என் பெயருக்கு விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாது; விரலைத் தூக்கிவிட்டு வேண்டாம் என்கிறவனுக்கு அந்தக் கரையில் மறுபடி மீன் கிடையாது. எனக்கு மறுநாளும் அங்கே போயாக வேண்டியிருந்தது. இரண்டு கூடையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ருக்சானா ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். "நல்ல புது மீனா பாத்துதான் எடுத்துருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து அத்தனையையும் சுத்தம் பண்ணி, குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் சும்மா கொடுத்து அனுப்பினாள். தோற்கப்போகிறவளுக்கு ஊரெல்லாம் தானம் செய்யத் தோன்றுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏலத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். நல்ல குவியலாக இருந்தால் மட்டும், ஒரு இரண்டு முறை, சும்மா பழக்கத்துக்கு, விரலைத் தூக்கினேன்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு. கடைக் கண்ணாடி மேஜையில் இருந்த கவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தாம்பாளத்தில் பத்து மீன்களை வரிசையாக வைத்தேன். ஒன்பது மீனைக் கரையிலிருந்து எடுத்திருந்தேன். பத்தாவது ஒரு விரால். மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து விற்கிற ஆளிடம் வாங்கியது. கடைசிக் கேள்வியாவது சுலபமாக இருக்கட்டும் என்ற இரக்கம்தான். ஆனால் சூரை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் யாரும் பார்க்காதபோது, கடையில் இருக்கும் கத்தரிக்கோலால் அதன் துடுப்புகளையும் வாலையும் நறுக்கிவிட்டேன்.

ஞானதாஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி சாராளும் வந்தாள்.

முதல் மீன் திருக்கை. ருக்சானா, "மணல்ல பொதஞ்சு கெடக்கும்," என்றாள். சரி. இரண்டாவது நாக்கு மீன். அதுவும் சரி. எனக்கு அக்குள் வியர்த்தது.

மூன்றாவது கோலா. அவள் அதன் பெரிய துடுப்பை விரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது தரையில கெடக்குறது. மணல பெருக்கறதுக்குத்தான் இவ்ளோ பெரிய துடுப்பு."

என் மனசு குளிர்ந்தது. தப்பு என்றேன். தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் எழுந்து நின்று, கோலாவைக் கையில் பிடித்து, கீழ் வாலைக் காட்டி, அது தண்ணீரைத் தட்டுவதை நடித்துக் காட்டி, மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கவிட்டேன். சாராள் கைதட்டினாள்.

அதன்பிறகு, வஞ்சிரத்தைச் சரியாகச் சொன்னதைத் தவிர, ருக்சானா எழவே இல்லை. விலாங்கு நீளமாக இருப்பதால் நடுக்கடலில் வேகமாக ஓடும் என்றாள். வவ்வால் ஒல்லியாக இருப்பதால் பொந்துக்குள் புகுந்துகொள்ளும் என்றாள். ஒவ்வொரு தப்புக்கும் நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். ஒவ்வொரு விளக்கமும் போன விளக்கத்தைவிட நீளமாக இருந்தது. சூரையைப் பார்த்து, துடுப்பே இல்லாததால் இது உருண்டுதான் போகும்போல என்றாள்.

ஞானதாஸ் குனிந்து பார்த்தார். "இத்த யாரோ வெட்டுன மாதிரி கீதே பாய்."

"வலையில பட்டிருக்கும்," என்று சொல்லிவிட்டு, துடுப்பு இல்லாவிட்டாலும் தெரிந்தவனுக்குத் தெரியும் என்று முதுகில் இருக்கும் பள்ளத்தைக் காட்டினேன். வெட்டுப்பட்ட வால் காம்பின் மெலிவைக் காட்டினேன். ஞானதாஸ் தன் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, பாய்க்கு இதெல்லாம் தெரியும் என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் போய்விட்டதே என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

கடைசியில் விரால். உருண்டையான நீள உடம்பு, பாம்புத் தலை, முதுகு நெடுக ஒரே துடுப்பு, உருண்டை வால். ஏரிக் கோரைக்குள் அசையாமல் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிற உடம்பு. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த மீன்.

"கடல்," என்றாள் ருக்சானா.

சாராள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ மதுராந்தகம்தானடி?"

"பயத்துல ஒண்ணும் தோண மாட்டேங்குதுக்கா."

பரீட்சை பயம் பொல்லாதது. பத்துக்கு மூன்று. ஞானதாஸ் முடிவை அறிவித்து என் கையைக் குலுக்கினார்.

ருக்சானா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. மூன்று மனு ஞாபகம் வந்தது. ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று, அடுத்த வருஷம் பார்க்கலாம், நானே சொல்லித்தருகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த வருசம் எதுக்குங்க," என்றாள். "ஞானதாஸ் அண்ணா, அன்னிக்கு இவரு இன்னா சொன்னாரு?"

ஞானதாஸ் பம்ப் ஹவுஸில் மீட்டர் பார்த்துச் சொல்கிற மனிதர். கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். "மீனப் பாத்து எங்க வாழ்ந்துதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்கதான் கரைக்குப் போயி வாங்கணும்."

"யாருக்குத் தெரியுதுன்னு இப்ப எல்லாரும் பாத்துட்டோம்ல."

மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவன் நான்தான். கையில் இன்னும் விரால் இருந்தது.

"நான் ஜெயிச்சிருக்கேன்," என்றேன்.

"ஆமாங்க. தோத்தவள கரைக்கு அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

கடை என்றேன். கடை திறப்பது ஒன்பதரைக்குத்தானே என்றாள். தூக்கம் என்றேன். இரண்டு வாரமாக நான் தூங்கவே இல்லை என்றும், அதனால் தொப்பை குறைந்து ஆள் பார்க்க நன்றாக இருப்பதாகவும் சாராளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னாள். சாராள் ஆமாம் என்றாள். ஊர் என்னை மீன்கார பாய் என்று கூப்பிடும் என்று உண்மையைப் போட்டு உடைத்தேன். அதற்கு ஞானதாஸ்தான் பதில் சொன்னார்: காரப்பொடி வந்த நாளிலிருந்தே குவார்ட்டர்ஸில் அப்படித்தானாம் பேர்.

ருக்சானா தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். கவர் நான் போட்டுக் கொடுத்தது. அவளுடைய மீன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போயிருந்தது: அடுத்த வார ஞாயிறு முதல் மீன் கிடைக்கும், வாங்குவது நௌஷாத், சுத்தம் செய்து தருவது ருக்சானா. அனுப்பியது முந்தின நாள் சாயங்காலம். கீழே இருபத்திரண்டு பதில்கள். இருபத்துமூன்றாவதாக, அங்கேயே உட்கார்ந்தபடி, சாராள் அரைக் கிலோ கிழங்கான் கேட்டு அனுப்பினாள்.

ஒரு ஆறுதல் இருந்தது. வேலை எனக்கு வந்தது வாஸ்தவம். ஆனால் அறிவில் நான்தான் ஜெயித்தேன். பத்துக்கு மூன்று என்றால் மூன்றுதான். அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொழுதுவிட்டு நேராகக் கரைக்குப் போனேன். கடல் நல்ல அமைதியாக இருந்தது. போட்டுகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறின. ஏலத்தில் மூன்று முறை விரலைத் தூக்கினேன், ஒன்றுகூட ஈயை விரட்டுவதற்காக இல்லை. கன்னியம்மா என் கூடைகளைக் கிளறிப் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பாராட்டு. ஆட்டோவில் வரும்போது எனக்கே தெரியாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ருக்சானா பெட்டிகளைத் தயாராக வைத்திருந்தாள். ஷஃபானாவின் நோட்டுத் தாளில் நான் எழுதி ஒட்டிய பேர்கள்: வஞ்சிரம், கிழங்கான், சங்கரா, நவரை. மீனைப் பிரித்துப் போட்டுக்கொண்டே அவளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். சங்கராவும் சிவப்பு, நவரையும் சிவப்பு, தெரியாதவர்கள் ஏமாந்துவிடுவார்கள், உடம்பைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்றேன். அவள் ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டாள். முடித்துவிட்டுக் குழாயடிக்குக் கை கழுவப் போனேன்.

சோப்புப் போடும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் சங்கரா பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு மீனை எடுத்து மல்லாத்தினாள். தாடைக்கு அடியில் ஒரு விரலை விட்டு இழுத்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த இரண்டு மீசைகள் வெளியே வந்தன. மணலைத் துழாவி இரை தேடுகிற மீனுக்குத்தான் அந்த மீசை தேவைப்படும். அவள் அதை நவரைப் பெட்டியில் போட்டாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

நான் மறுபடியும் சோப்பை எடுத்து, இன்னொரு முறை கை கழுவினேன்.